வழுக்கைக்கு மருந்து எப்போ வரும்? கடையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் ஒரு மருந்துக்கடையில் 18 வருடமாக மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். முடியைப் பற்றிக் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் ராத்திரி ஒன்பதரைக்கு மேல், கூட்டம் கலைந்த பிறகுதான் வருவார்கள். முதலில் ஒரு பாராசிட்டமால் அட்டை வாங்குவார்கள். அப்புறம் போனைத் திருப்பிக் காட்டி, "அண்ணே, இது உண்மையா?" என்பார்கள். வழுக்கைக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாக அதில் ஒரு செய்தி இருக்கும்.

வருகிறவர்களில் பலர் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். "முடிதானே, விடுப்பா" என்று அவர்களை அனுப்பிவிட எனக்கு மனசு வருவதில்லை. கவுண்டரில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் தோல் டாக்டரைக் கேட்டுத்தான்.

தினமும் சீப்புல கொத்துக் கொத்தா முடி வருது. எனக்குச் சொட்டை விழப்போகுதா?

கொட்டுவது வேறு, சொட்டை விழுவது வேறு. தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் வளரும், இரண்டு மூன்று வாரம் சுருங்கும், மூன்று மாதம் போல ஓய்வெடுத்துவிட்டு விழும். அதே இடத்தில் புதிது முளைக்கும். அதனால் நாளுக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. டெங்கு, டைபாய்டு, கொரோனா, பிரசவம், பட்டினி போல ஒரு டயட் என்று உடம்பு அடிபட்டால், இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரேயடியாகக் கொட்டும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் சில மாதங்களில் தானே திரும்பி வரும்.

சொட்டை அப்படி ஆரவாரமாக வருவதில்லை. முடி விழுந்து முளைக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் குட்டையாக வரும். உச்சந்தலையில் விழுந்த ஒரு முடியையும் பின்தலையில் விழுந்த ஒரு முடியையும் வெள்ளைத்தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்தலை முடி கறுப்புக் கோடாகத் தெரியும். உச்சந்தலை முடி பென்சிலால் லேசாக இழுத்தது போலப் பழுப்பாக, நுனி ஊசியாக இருந்தால், டாக்டரிடம் காட்ட வேண்டிய நேரம் அது.

சொட்டை எதனால வருது? போர்த்தண்ணியா, ஷாம்பூவா, ஹெல்மெட்டா?

மூன்றும் இல்லை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை நம் உடம்பில் உள்ள ஒரு நொதி டிஎச்டி என்ற இன்னொரு ஹார்மோனாக மாற்றுகிறது. சிலருடைய முன்தலை, உச்சந்தலை மயிர்க்கால்களுக்கு அந்த டிஎச்டி ஒத்துக்கொள்ளாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிவிடும். முடியைத் தாங்கி நிற்கும் சின்னக் குழிக்குத்தான் மயிர்க்கால் என்று பெயர். பின்தலை மயிர்க்கால்களை டிஎச்டி பெரும்பாலும் எதுவும் செய்வதில்லை.

இதை 1942-இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் காட்டினார். பருவம் வருமுன் விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு மட்டும் விழ ஆரம்பித்தது. ஹார்மோனும் பரம்பரையும் சேர்ந்தால்தான் சொட்டை.

அம்மாவோட அப்பாவுக்கு வழுக்கைன்னா பேரனுக்கும் வருமாமே?

பாதி உண்மை. ஆண் ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்பிள்ளைக்கு அது அம்மாவிடமிருந்துதான் வரும். ஆனால் பிரிட்டனில் 52,000 ஆண்களின் மரபணுவைப் பார்த்த 2017 ஆய்வு ஒன்று, வழுக்கையோடு தொடர்புள்ள 280-க்கும் மேற்பட்ட இடங்களைக் கண்டது. அப்பா வழியும் சேர்ந்துதான் வருகிறது.

சொட்டை விழுந்த இடத்துல வேர் செத்துப்போச்சுன்னு சலூன்ல சொல்றாங்க. அப்ப எந்த மருந்து வந்து என்ன பிரயோஜனம்?

பெரும்பாலானவர்களுக்கு வேர் சாகவில்லை. எல்லா நம்பிக்கையும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் காட்சரெலிஸ் குழு, ஒரே ஆளின் தலையில் முடி உள்ள இடத்தையும் வழுக்கை இடத்தையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தது. 2011-இல் அவர்கள் சொன்னது இது: முடியை உண்டாக்கும் மூலச் செல்கள் வழுக்கை இடத்திலும் கிட்டத்தட்ட அதே அளவு இருக்கின்றன. அவற்றிலிருந்து பிறந்து வேலைக்கு இறங்க வேண்டிய அடுத்த தலைமுறைச் செல்கள்தான் குறைந்துவிட்டன. நெல்லும் இருக்கிறது, வயலும் இருக்கிறது, முளைப்புதான் இல்லை.

சொட்டைத் தலையை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். குழந்தையின் கன்னத்தில் இருப்பது போலப் பூனைமுடி தெரியும். சுருங்கிய மயிர்க்கால் போட்ட முடி அது. ஆனால் 20, 25 வருடம் ஆகி வழவழவென்று மின்னும் தலையில் மயிர்க்காலைச் சுற்றியிருந்த சின்னத் தசை விலகி, நார்த்திசு படிந்துவிடும். அங்கே எழுப்புவது கடினம். தழும்பு விழும் வகை முடி உதிர்வு சிலருக்கு உண்டு. அதில் மயிர்க்கால் உண்மையிலேயே அழிந்துவிடும். தலையில் எரிச்சல், வலி, செதில் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

இப்ப கையில இருக்கிற மருந்துல எது உண்மையா வேலை செய்யும்?

முக்கியமாக இரண்டு. இரண்டுமே வேறு எதையோ தேடப்போய்க் கிடைத்தவை. மினாக்சிடில் ரத்தக்கொதிப்பு மாத்திரையாக 1979-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சாப்பிட்டவர்களுக்கு நெற்றியிலும் கையிலும் முடி வளர்ந்தது. அதைத் தலையில் தடவும் கரைசலாக்கி 1988-இல் அனுமதி வாங்கினார்கள். முதல் சில வாரம் முடி கூடுதலாகக் கொட்டும். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதிது கிளம்புவதால் வருவது அது. அந்த நேரத்தில் பயந்து நிறுத்திவிடுகிறவர்கள்தான் என் கடையில் அதிகம். நாலு மாதமாவது பொறுக்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் மிகவும் ஜாக்கிரதை. தடவிய தலையணையை நக்கினால்கூடப் பூனையின் உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது ஃபினாஸ்டரைடு. டொமினிக்கன் குடியரசில் ஒரு கிராமத்தில், டிஎச்டி-யை உண்டாக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குடும்பங்களை ஜூலியன் இம்பெராட்டோ-மெக்கின்லி 1970-களில் ஆராய்ந்தார். அந்த ஆண்களுக்குப் புராஸ்டேட் சிறிதாக இருந்தது, முன்நெற்றியும் ஏறவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரை புராஸ்டேட்டுக்கு 1992-இலும், வழுக்கைக்கு 1 மில்லிகிராமாக 1997-இலும் வந்தது. ரத்தத்தில் டிஎச்டி-யை ஏறக்குறைய 70 சதவீதம் குறைக்கும். சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறையும், மனச்சோர்வு வரும். தற்கொலை எண்ணமும் இதன் பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025-இல் உறுதி செய்தது. மனநிலை மாறினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் சாப்பிடவே கூடாது, உடைந்த மாத்திரையைக் கையால் தொடவும் கூடாது.

நிறுத்தினா திரும்பக் கொட்டிடும்னா, அது என்ன மருந்து?

சர்க்கரை மாத்திரை மாதிரியான மருந்து. சாப்பிடும்வரை கட்டுக்குள் இருக்கும். நீங்கள் கேட்பது, ஒரு முறை செய்து முடித்தால் வாழ்நாள் முழுக்கத் திரும்பப் பார்க்க வேண்டாம் என்கிற தீர்வு. அது இன்று உலகில் எங்கேயும் இல்லை. யாராவது இருக்கிறது என்றால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள்.

மாசத்துக்கு ஒரு தடவை "வழுக்கைக்கு மருந்து ரெடி"ன்னு செய்தி வருது. ஒண்ணுகூட கடைக்கு வரலையே, ஏன்?

பெரும்பாலும் அந்தச் செய்தி எலியைப் பற்றியது. ஆய்வகத்தில் அதிகம் பயன்படுத்துவது ஒரு வகைக் கறுப்பு எலி. ஏழு வார வயதில் அதன் முதுகு முடி மொத்தமாக ஓய்வுக்குப் போகும். அப்போது மழித்தால் தோல் இளஞ்சிவப்பாக இருக்கும். மருந்து தடவி தோல் கறுத்தால் முடி வளர ஆரம்பித்துவிட்டது என்று கணக்கு. அந்த எலிக்கு வழுக்கை நோயே இல்லை. தூங்கும் முடியைச் சில நாள் முன்கூட்டி எழுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மனிதனில் வருடக்கணக்காகச் சுருங்கிப்போனதைத் திரும்பப் பெரிதாக்குவது வேறு வேலை. ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் பாகிஸ்தான் ஆய்வாளர்களும் 2024-இல் வெளியிட்ட டிஆக்சிரைபோஸ் சர்க்கரை ஜெல்லைப் பலர் என்னிடம் கேட்டார்கள். அதுவும் எலியில் பார்த்ததுதான்.

எலியைத் தாண்டினாலும் வழுக்கி விழ இடம் நிறைய. வழுக்கைத் தோலில் புராஸ்டாகிளாண்டின் டி2 என்ற பொருள் அதிகமாக இருப்பதைக் காட்சரெலிஸ் குழு 2012-இல் கண்டது. அதைத் தடுக்கும் செட்டிபிப்ரான்ட் மாத்திரையை மனிதர்களிடம் சோதித்தபோது, ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும், மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட மேலாக எதுவும் நடக்கவில்லை. சீனாவில் கேஎக்ஸ்-826 என்ற தடவும் மருந்து அனுமதி கேட்பதற்கு முந்தைய பெரிய சோதனையான மூன்றாம் கட்டம்வரை போய், 2023-இல் போலி மருந்தைத் தெளிவாக மிஞ்ச முடியாமல் போனது. அந்தச் சமயத்தில் கேட்டு வந்த ஒரு பையனின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சரி, உண்மையிலேயே கிட்டத்துல வரப்போறது எது?

நான் கவனித்து வருவது இரண்டு. ஒன்று கிளாஸ்கோடெரோன். டிஎச்டி மயிர்க்காலில் போய் ஒட்டும் இடத்தைத் தோலிலேயே அடைத்துவிடும் தடவும் மருந்து. இதே பொருள் பருவுக்கான க்ரீமாக அமெரிக்காவில் 2020-இல் அனுமதி பெற்றது. தலைக்கான கரைசலை ஏறக்குறைய 1,500 ஆண்களிடம் இரண்டு மூன்றாம் கட்டச் சோதனைகளில் பார்த்து, 2025 டிசம்பரில் காஸ்மோ நிறுவனம் நல்ல முடிவுகளை அறிவித்தது. உடம்பு முழுக்க ஹார்மோனைக் குறைக்காமல் வேலை செய்யும் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. ஃபினாஸ்டரைடுக்குப் பயந்தவர்களுக்கு ஒரு வழி.

இன்னொன்று பிபி405. லாஸ் ஏஞ்சல்ஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. தூங்கும் மூலச் செல் சர்க்கரையை எரிக்கும் விதத்தை மாற்றி, அதை எழுப்பிவிடுகிறது. வேர் சாகவில்லை என்று மேலே சொன்னேனே, அதையே நேராகப் பிடித்த யோசனை. 78 பேரிடம் நடந்த சின்னச் சோதனையில், முடி அதிகம் குறைந்திருந்த ஆண்களில் 31 சதவீதம் பேருக்கு எட்டாவது வாரத்தில் அடர்த்தி 20 சதவீதத்துக்கு மேல் கூடியது. போலி மருந்து போட்டவர்களில் ஒருவருக்கும் கூடவில்லை. ஆனால் ஆட்கள் கொஞ்சம், காலமும் கொஞ்சம். பெரிய சோதனை நடந்தால்தான் உறுதி.

அந்த கிளாஸ்கோ மருந்துல 539 சதவீதம் முடி கூடிச்சுன்னு போட்டிருந்துச்சே?

அந்த எண் சரி, புரிந்துகொண்ட விதம்தான் தப்பு. ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். தலையில் ஒரு சின்ன வட்டத்தில், வெறும் கரைசல் போட்டவருக்கு 2 முடி கூடியது, மருந்து போட்டவருக்கு 13 முடி கூடியது. வித்தியாசம் 11. அது 2-இன் ஐந்தரை மடங்கு, அதாவது 550 சதவீதம். அந்த வட்டத்தில் இருக்க வேண்டியதோ நூற்றுக்கும் மேல். 539 என்பது போலி மருந்தோடு ஒப்பிட்ட கணக்கு, உங்கள் தலையோடு ஒப்பிட்டது இல்லை. அதே மருந்தின் இன்னொரு சோதனையில் அந்த எண் 168 மட்டும்தான். இனிமேல் இப்படிச் செய்தி வந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை முடி கூடியது என்று தேடிப் பாருங்கள்.

முடியை லேப்ல வளர்த்து நட முடியாதா? குளோனிங்னு சொல்றாங்களே.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. மயிர்க்காலின் அடியில் உள்ள சில செல்கள் மேலே உள்ள தோலுக்கு "முடி போடு" என்று உத்தரவு கொடுக்கின்றன. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் கொலின் ஜஹோடா தன் தலை மயிர்க்காலிலிருந்து அப்படிச் செல்களை எடுத்து, உடன் ஆராய்ச்சி செய்த தன் மனைவியின் முன்கையில் வைத்தார். அங்கே முடி முளைத்தது. 1999-இல் அதை வெளியிட்டார்கள். வழுக்கை ஆராய்ச்சியில் இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சிலிர்ப்பு வேறெதிலும் ஏற்பட்டதில்லை.

ஆனால் அந்தச் செல்களை எடுத்து ஆய்வகத் தட்டில் பெருக்கினால், உத்தரவு கொடுக்கும் திறனை மறந்துவிடுகின்றன. 2013-இல் ஜஹோடாவும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலா கிறிஸ்டியானோவும், செல்களைத் தட்டில் பரப்பாமல் சொட்டாகத் தொங்கவிட்டு உருண்டையாக வளர்த்தால் அந்தத் திறன் ஓரளவு மீள்வதைக் காட்டினார்கள். 2020-இல் கார்ல் கோலர் குழு, மனித மூலச் செல்லிலிருந்து முடியோடு கூடிய தோலையே நாலைந்து மாதத்தில் வளர்த்தது. ஆனால் தலைக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். ஒவ்வொன்றும் சரியான சாய்வில், சரியான நிறத்தில், விழுந்தால் திரும்ப முளைப்பதாக, புற்றுநோய் பயம் இல்லாததாக இருக்க வேண்டும். இந்த வழியில் பல வருடம் பணம் போட்ட அடெரான்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் 2013-இல் மூடப்பட்டது.

மச்சத்துல மட்டும் முடி தடியா வளருதே, அதுல ஏதாவது ரகசியம் இருக்கா?

இருக்கிறது. மச்சத்தில் உள்ள முதுமையடைந்த நிறமிச் செல்கள் ஆஸ்டியோபான்டின் என்ற புரதத்தை விட்டு, பக்கத்து மயிர்க்காலைத் தட்டி எழுப்புகின்றன. மக்சிம் பிளிகஸ் குழு 2023-இல் கண்டது. மருந்தாக வர இன்னும் தூரம் இருக்கிறது.

புழுவெட்டுக்கு மாத்திரை வந்திடுச்சாமே? அதைச் சொட்டைக்குச் சாப்பிடலாமா?

கூடாது, அது வேறு நோய். புழுவெட்டில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்குகிறது. புழு எதுவும் வெட்டுவதில்லை. தாக்குதலை நிறுத்தினால் முடி தானே வரும். உடம்பில் ஒரு முடிகூட இல்லாத ஒருவருக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டோஃபாசிட்டினிப் மாத்திரை கொடுத்ததும் தலைமுடி, புருவம், இமை எல்லாம் வளர்ந்ததை யேல் பல்கலைக்கழகத்தின் பிரெட் கிங் 2014-இல் வெளியிட்டார். அந்த வகையில் பாரிசிட்டினிப் 2022-இலும், ரிட்லெசிட்டினிப் 2023-இலும், டியூருக்சோலிட்டினிப் 2024-இலும் அமெரிக்காவில் கடுமையான புழுவெட்டுக்கு அனுமதி பெற்றன. எல்லோருக்கும் பலிக்காது. தொற்று, ரத்தக்கட்டு அபாயம் உண்டு, அதனால் ரத்தப் பரிசோதனையோடுதான் கொடுப்பார்கள். சொட்டைக்கு இவை உதவாது.

காசு அளவில் ஒரே ஒரு வட்டம் என்றால் பலருக்கும் தானே முளைத்துவிடும். சின்ன வெங்காயம் தேய்த்ததால் வந்தது என்று நம்புவது இதனால்தான்.

ஹேர் ட்ரான்ஸ்பிளான்ட் பண்ணிட்டா முடிஞ்சுதில்ல?

நடுவது பின்தலை முடியை. அது எங்கே வைத்தாலும் தன் குணத்தை விடாது என்பதை நார்மன் ஓரென்ட்ரைக் 1950-களில் நியூயார்க்கில் காட்டினார். இருப்பதை இடம் மாற்றுகிறார்கள், புதிதாக ஒரு முடியும் உண்டாவதில்லை. பின்தலை இருப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான். சுற்றியுள்ள பழைய முடி தொடர்ந்து மெலியும், அதற்கு மருந்தும் வேண்டும்.

யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். 2016-இல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தே போனார். பயிற்சி பெற்ற, பதிவுள்ள மருத்துவர்தான் இதைச் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. மயக்க ஊசி போடுவது யார் என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

எல்லாம் ஆம்பளைங்களுக்கே சொல்றீங்க. எங்களுக்கு?

இந்தக் கோபம் நியாயம்தான் அக்கா. சோதனைகளில் பெரும்பாலும் ஆண்களையே சேர்க்கிறார்கள். பெண்களுக்கு நெற்றி ஏறாமல் வகிடு அகலும். முதலில் ரத்தத்தில் இரும்புச்சத்து, தைராய்டு பாருங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லை என்றால் நீர்க்கட்டிக்கும் பாருங்கள். இவற்றைச் சரிசெய்தாலே பாதிப் பேருடைய கவலை குறைவதை நான் கண்ணால் பார்க்கிறேன். மினாக்சிடில் பெண்களுக்கும் உண்டு. பிபி405 சோதனையில் பெண்களையும் சேர்த்திருந்தது எனக்குச் சந்தோஷம்.

கரிசலாங்கண்ணி எண்ணெய் 90 நாள் கேரன்ட்டின்னு விளம்பரம் வருதே?

எண்ணெய் முடித்தண்டு உடையாமல் காக்கும். தேய்க்கும் சுகத்துக்காகத் தேய்க்கலாம், தப்பே இல்லை. சுருங்கிய மயிர்க்காலை அது பெரிதாக்காது. எந்தெந்த நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துகள் சொல்லிக்கொள்ளவே கூடாது என்று இந்திய மருந்து விதிகளில் ஜே அட்டவணை என்று ஒரு பட்டியல் உண்டு. வழுக்கையும் அதில் இருக்கிறது.

எனக்கு 24 வயசு. பக்கவிளைவு இல்லாத நல்ல மருந்து வர்ற வரைக்கும் காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். என் தம்பி காத்திருந்தான். முடி குளோனிங் ஐந்து வருடத்தில் வரும் என்று 2009-இல் எங்கேயோ படித்துவிட்டு, "அதுவரைக்கும் கெமிக்கல் எதுக்கு" என்றான். நான் மருந்துக்கடையில் இருந்துகொண்டே அவனை வற்புறுத்தவில்லை. இன்று அவன் உச்சந்தலை மழுங்கிவிட்டது. நாளைக்கு பிபி405 வந்தாலும் அவனுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று எனக்குக் கவலை. வரப்போகும் மருந்துகள் எல்லாமே மிச்சம் இருக்கும் மயிர்க்காலை வைத்துத்தான் வேலை செய்யும். இருப்பதை இன்றைய மருந்தால் பிடித்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அதே டியூப்லைட்டுக்குக் கீழே, காய்ந்த தலையோடு போட்டோ எடுத்து வையுங்கள். கண்ணாடியை நம்பினால் மனசு ஏமாற்றும்.

எத்தனை வருஷம்? உத்தேசமா ஒரு கணக்கு சொல்லுங்க.

என் கணிப்பு இது. தோலில் மட்டும் வேலை செய்யும் ஹார்மோன் தடுப்பு மருந்து சில வருடங்களில் கைக்கு வரலாம். தூங்கும் செல்லை எழுப்பும் மருந்து, சோதனைகள் ஜெயித்தால், அதற்கு அடுத்து. இரண்டையுமே தொடர்ந்து போட வேண்டியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மயிர்க்காலை வளர்த்து நடுவதற்கு வருடம் சொல்ல மாட்டேன், சொன்னவர்கள் எல்லோரும் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதுதான் உண்மையான தீர்வு, அது வரும் என்று நம்புகிறேன்.

புது மருந்து சோதனையில சேர்த்துக்கிறோம், 40,000 கட்டுங்கன்னு ஒருத்தர் சொல்றார். சேரலாமா?

சேராதீர்கள். உண்மையான சோதனையில் மருந்துக்கு உங்களிடம் காசு வாங்க மாட்டார்கள். சோதனையால் உடம்புக்கு ஏதாவது ஆனால் வைத்தியமும் இழப்பீடும் தர வேண்டும் என்று இந்தியாவின் 2019 மருந்துச் சோதனை விதிகள் சொல்கின்றன. இந்தியாவில் 2009 முதல் ஒவ்வொரு மருந்துச் சோதனையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நடத்தும் பதிவேட்டில் ஏற வேண்டும். சிடிஆர்ஐ என்று தொடங்கி, ஆண்டும் மாதமும் சேர்ந்த ஒரு எண் இருக்கும். அந்த எண்ணைக் கேளுங்கள். கொடுத்தால் ராத்திரி கடைக்கு எடுத்து வாருங்கள், இரண்டு பேரும் சேர்ந்து பதிவேட்டில் தேடிப் பார்ப்போம்.